அண்ணா காசு கட்டுவார், கோச் யார்?

கேள்வி: நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் ஆசிரியை, வயது 38. ஒரு வருடமாக விடிய எழும்பி 5 கிலோமீற்றர் ஓடுகிறேன். அடுத்த வருடம் கொழும்பில் ஒரு அரை மரதன் ஓட ஆசை. கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, அங்கேயுள்ள தன்னுடைய ஒன்லைன் கோச்சிடமே என்னையும் சேர்த்துவிடுகிறேன் என்கிறார், மாதம் 120 டொலர். இன்ஸ்ரகிராமில் இன்னொருவர் மாதம் 6,000 ரூபாய்க்கு "12 கிழமையில் அரை மரதன், உத்தரவாதம்" என்கிறார். போனில் இலவச அப்பும் கிடக்கிறது. எதை எடுப்பது?

பதில்: ரீச்சர், வெறும் பயிற்சி அட்டவணைக்கு என்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கான பிரித்தானிய சுகாதார சேவையின் 'கவுச் டு 5கே' 9 கிழமைத் திட்டம் இலவசம். நைக் ரன் கிளப் அப்பில் அரை மரதனுக்கான திட்டமே இருக்கிறது, அதுவும் இலவசம். இந்த அட்டவணைகளுக்குள் பெரிய வித்தியாசமும் இல்லை. கிழமைக்கு மூன்று நாலு நாள், பெரும்பகுதி பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம், ஒரு நாள் நீண்ட ஓட்டம், கொஞ்சம் வேகப் பயிற்சி. அரை மரதனின் 21.1 கிலோமீற்றருக்கு எல்லாரும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள்.

காசு போகவேண்டியது வேறு வேலைக்கு. நீங்கள் ஓடியதை ஒரு ஆள் பார்த்து, அடுத்த கிழமையை உங்களுக்கென்று மாற்றி எழுத வேண்டும். கொப்பி திருத்தாத ரியூசன் மாஸ்ரருக்கு யாராவது இரண்டாம் மாதம் காசு கொடுப்பார்களா?

நானும் இதில் சூடு கண்ட பூனைதான். ஒரு ஒன்லைன் கோச்சுக்கு மூன்று மாதக் காசை ஒரேயடியாகக் கட்டினேன். வந்தது ஒரு பிடிஎஃப். மூன்றாம் பக்கத்தில் "வாழ்த்துகள்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர், அழிக்க மறந்துபோயிருக்கிறது. பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 16 கிலோமீற்றர், கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 30 செக்கன் என்று போட்டிருந்தது. அந்த மாதத்தில் ஏ9 றோட்டில் காலை எட்டரைக்கு நின்று பாருங்கள், தார் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். "இங்கே சரியான வெயில், வேகத்தைக் குறைக்கலாமா?" என்று கேட்டு எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதன்பிறகு வந்தது அடுத்த தவணைக்கான லிங்க்.

ஆகவே காசு கட்ட முன்னம் இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். "போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஓடவில்லை. நாலாம் கிலோமீற்றரில் முழங்காலின் வெளிப்பக்கம் நோகிறது. இங்கே விடிய ஆறு மணிக்கே வேர்த்துக் கொட்டும். ஓடுவது கிறவல் றோட்டு. இந்தக் கிழமை என்ன செய்யலாம்?"

வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். வேலை தெரிந்தவர் உடனே பதில் சொல்ல மாட்டார், திருப்பிக் கேள்வி கேட்பார். எவ்வளவு நாளாக நோகிறது, நடக்கும்போதும் நோகிறதா, சப்பாத்து எத்தனை மாதப் பழசு என்பார். விட்ட இரண்டு நாளையும் சேர்த்து ஓடச் சொல்ல மாட்டார். நோவு குறையாவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி டொக்டரிடம் காட்டச் சொல்வார். "நோகாமல் வளர்ச்சி இல்லை" என்று யாராவது எழுதினால் அந்த உரையாடலை அங்கேயே மூடிவிடுங்கள்.

அண்ணாவின் கோச் நல்லவராக இருக்கலாம். நேர வித்தியாசம் ஒரு பிரச்சினையே இல்லை. நீங்கள் விடிய ஐந்துக்குச் சப்பாத்துக் கட்டும்போது ரொறன்ரோவில் முதல்நாள் பின்னேரம் ஆறரை, ஏழரைதான் இருக்கும். கேட்கவேண்டியது வெயிலைப் பற்றி. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும், பழகினாலும் குளிரில் ஓடும் வேகம் வராது. "எங்கள் மாதிரிச் சூடான ஊரில் உங்களிடம் பழகுகிறவர்கள் இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு ஓடுகிறீர்கள் என்று அவர் கேட்கிறாரா என்றும் பாருங்கள். இரணைமடுக் குளக்கட்டில் இருட்டோடு ஒரு பெண் தனிய ஓடுவது பற்றி, தெருநாய் பற்றி, சில பக்கங்களில் யானை பற்றி, ரொறன்ரோவில் இருப்பவருக்கு நாங்கள்தான் சொல்லவேண்டும். சொன்னபிறகும் "விடிய நாலரைக்கு 14 கிலோமீற்றர்" என்று எழுதினால் அவர் உங்கள் செய்தியை வாசிக்கவில்லை.

6,000 ரூபாய்க்காரரில் எனக்குப் பிடிக்காதது அந்த "உத்தரவாதம்". 5 கிலோமீற்றர் ஓடுகிறவர் 12 கிழமையில் 21ஐ எட்டவே முடியாது என்றில்லை. உங்கள் முழங்காலுக்கு அவர் எப்படி உத்தரவாதம் தருவார்? அவர் எத்தனை நிமிடத்தில் ஓடினார் என்ற படத்தையும் சான்றிதழாக எடுக்காதீர்கள். உலக தடகள அமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ், அமெரிக்க ஓட்டக் கழகங்களின் அமைப்பான ஆர்ஆர்சிஏயின் சான்றிதழ் என்று எது இருக்கிறது என்று கேளுங்கள். ஆர்ஆர்சிஏ சான்றிதழ் பெற்றவர்களை அதன் தளத்திலேயே தேடலாம்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மாதம் இலவசத் திட்டத்தோடு 10 கிலோமீற்றருக்கு வாருங்கள். உங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியரை ஒருநாள் மைதானத்தில் நின்று நீங்கள் ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு, அந்தச் செய்திக்கு நல்ல பதில் தந்தவரோடு ஒரே ஒரு மாதம். மூன்று மாத "சலுகை" வேண்டாம். சுகமில்லாமல் போனால் இடையில் நிறுத்தலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாதாமாதம் தானாகக் காசு வெட்டுப்படும் ஏற்பாடு என்றால், அதை நிறுத்தும் வழியை அண்ணா முதல்நாளே பார்த்து வைக்கட்டும். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கும்போது வயது 72. உங்களுக்கு 38, இந்த 12 கிழமைக்குள் என்ன அவசரம்?

கேள்வி: மூன்று மாதத்துக்கு 15,000 ரூபாய் கட்டினேன். ஒரு மாதத்தோடு கோச் பதில் தருவதில்லை. காசு திரும்ப வருமா? (முல்லைத்தீவு)

பதில்: முதலில் வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம், காசு போன பற்றுச்சீட்டு, கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கோபத்தில் ஏசிவிட்டு எடுக்கப் போனால் அவர் உங்களை புளொக் பண்ணியிருப்பார். பிறகு, "இத்தனையாம் திகதிக்குள் மீதிக் காசு வேண்டும்" என்று ஒரு செய்தி, மரியாதையாக.

ஆள் இலங்கையில் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதலாம், 1977க்கு அழைத்தும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். எழுத்து முறைப்பாட்டுக்கு 3 மாதம்தான் அவகாசம், ஆகவே "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். வெளிநாட்டுக்காரரிடம் அந்தக் கை எட்டாது. கார்ட்டில் கட்டியிருந்தால் வங்கிக்குப் போய், சேவை கிடைக்கவில்லை என்று அந்தக் கொடுப்பனவை ஆட்சேபியுங்கள். கணக்குக்குக் கணக்கு அனுப்பிய காசு என்றால் கஷ்டம்தான், நேரே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஜிபிஎஸ் கடிகாரம் இல்லாமல் சேர்க்க மாட்டேன் என்கிறார் ஒரு ஒன்லைன் கோச். வாங்கத்தான் வேண்டுமா? (மாங்குளம்)

பதில்: வேண்டாம், போன் போதும். தன்னுடைய லிங்கிலேயே வாங்கு என்றும் சொன்னால் அவர் கடிகாரம் விற்கிறார். எதில் ஓடினாலும், ஓடிய பாதையைப் பதிந்து மற்றவர்களுக்கும் காட்டும் ஸ்ராவா போன்ற அப்பில் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைத்துவிடுங்கள். 2018இல் அந்த அப்பின் வரைபடம் இராணுவ முகாம்களையே காட்டிக்கொடுத்தது. உங்கள் வீட்டுப் படலையைக் காட்டவா மாட்டாது?