காலுக்கு எத்தனை லட்சம் என்று ஆஸ்பத்திரி வார்டிலேயே சொல்ல முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாரக்கூலி, மாதம் 18,000 ரூபாய் வரும். நான்கு மாதத்துக்கு முன் பல்லடம் சாலையில் லாரி மோதி, வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், 30 சதவீத ஊனச் சான்று வாங்கித் தருவதாகவும், 25 லட்சம் இழப்பீடு நிச்சயம் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு தமக்கு வேண்டும் என்றும் சொல்கிறார். வழக்கு முடியும்வரை வேலைக்குப் போகக் கூடாதாம். உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: இன்றைய தேதியில் அதை யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஏன் முடியாது என்பதை உங்கள் காலை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் 2009-இல் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குப் பெருக்கல் எண், அதாவது இழப்பைக் கணக்கிட ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. உங்கள் 18,000 ரூபாயை, இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் அப்படியே ஏற்றால் மாதம் 25,200, ஆண்டுக்கு 3,02,400, பதினாறால் பெருக்கினால் 48,38,400. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று முடிவானால் 14,51,520 ரூபாய். கூலிக்குச் சான்று இல்லாமல் 12,000 என்று வைத்து, திறன் இழப்பையும் 15 சதவீதமாகக் குறைத்தால் அதுவே 4,83,840 ஆகிவிடும். எலும்பு கூடிவிட்டது, வருமானத்துக்குப் பாதிப்பில்லை என்று கருதி, ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஐயாயிரம் என்று போட்டால் ஒன்றரை லட்சத்தோடு நின்றுவிடும். சிகிச்சைச் செலவு, வேலையிழந்த மாதங்களின் கூலி, வலிக்கான தொகை ஆகியவை இவற்றுக்கு மேல் வரும். ஆக, கால் ஒன்றுதான், கணக்கு மூன்று. வார்டில் நின்று 25 லட்சம் என்றவர் இதில் எதைப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

டாக்டர் எழுதும் 30 சதவீதம் பெரும்பாலும் அந்தக் காலுக்கு மட்டுமானது. முழு உடலுக்கு என்று கணக்கிட்டால் அது குறையும், உங்கள் தொழிலுக்கு என்று பார்த்தால் கூடவும் செய்யலாம். இந்த வேறுபாட்டை விளக்கிய ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பே, சிகிச்சை அளிக்காத மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுக்கும் சான்றுகளைக் குறித்து எச்சரிக்கிறது. புரோக்கர் வாங்கித் தரும் சான்று அந்த வகைதான். குறுக்கு விசாரணையில் அது உதிர்ந்தால், உங்கள் உண்மையான ஊனத்தின் மீதும் சந்தேகம் விழும். சிகிச்சை முடிந்த பிறகு மருத்துவக் குழுவிடம் போங்கள். அங்கே தேதி வாங்குவதற்குள், நொண்டி நடப்பவரை இன்னும் எத்தனை முறை நடக்க வைப்பார்களோ தெரியாது. அந்தக் கொடுமைக்கு என்னிடம் மருந்தில்லை. உங்கள் மிஷினின் பெடலை வலது காலால்தான் நாள் முழுக்க மிதித்து மிதித்து விட வேண்டும் என்பதையும், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதையும் சாட்சியத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்றில் உள்ள எண்ணைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

வேலைக்குப் போகக் கூடாது என்பது கெட்ட யோசனை. நடக்க முடிந்தும் வீட்டிலிருந்தால், வேண்டுமென்றே இருக்கிறார் என்று இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் வாதிடுவார். ஆனால் இதில் ஒரு விலக்கை விளங்கிக்கொள்ளுங்கள். பழைய வேலை, பழைய சம்பளம் அப்படியே நீடிக்கும் அரசு ஊழியருக்கு வருங்கால வருமான இழப்பு என்ற தலைப்பில் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. வலிக்கும், வாழ்க்கை வசதி இழப்புக்கும் உண்டு. நீங்கள் அந்த வகையில்லை. கம்பெனி உங்களைச் செக்கிங் டேபிளில் உட்கார வைத்துக் குறைந்த கூலி கொடுத்தால், அந்தக் குறைவே உங்கள் இழப்புக்குச் சாட்சி. அதே கூலி கொடுத்தாலும், அடுத்த கம்பெனி உங்களை டெய்லராக எடுக்குமா என்ற கேள்வி இருக்கிறது. அதையும் தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம். ஆகவே வேலைக்குப் போங்கள், வாரந்தோறும் வாங்கிய கூலியை எழுதி வையுங்கள், முடிந்தால் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு பேரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்குவது வழக்கறிஞருக்கே விதிப்படி தடை, இடைத்தரகருக்கு எந்த உரிமையும் இல்லை. தொழிலாளி என்ற முறையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது என்றாலும், உங்கள் வழக்கை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம். மீதமுள்ளது இரண்டு மாதம். முதலில் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியை, அதாவது உங்களைச் சேர்த்தபோது விபத்துப் பதிவேட்டில் எழுதியதன் நகலை, வாங்கிப் படியுங்கள். கொண்டுவந்து சேர்த்தவர் பதற்றத்தில் ‘பைக்கில் இருந்து கீழே விழுந்தார்’ என்று சொல்லி, அப்படியே எழுதப்பட்டிருந்தால், லாரி மோதியதை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும். அப்படி இருந்தால், சேர்த்தவரையும் விபத்தைப் பார்த்தவரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்பதை மனு எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.