நியான் ஓவியத்துக்கு பிளாக் லைட்: எவ்வளவு வெளிச்சம், எத்தனை நேரம்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மகள் நான்கடிக்கு மூன்றடி கேன்வாஸில் ஒரு கடலடிக் காட்சியை ஃப்ளோரசன்ட் அக்ரிலிக்கில், அதாவது நியான் பெயின்டில், வரைந்தாள். ஹாலில், கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறோம். நாலடி தள்ளி 50 வாட் பிளாக் லைட் எல்இடி, அதாவது நியான் நிறங்களை இருட்டில் ஒளிரவைக்கும் புற ஊதா விளக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் பத்து மணிக்குத்தான் அணைப்போம். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜெல்லி மீன்களின் ரோஸ் நிறம் வெளிறிவிட்டது. ஆரஞ்சுப் பவளம் மஞ்சளடித்துப் போயிற்று. விளக்குதான் காரணமா? யுவி (புற ஊதா) தடுக்கும் கண்ணாடியோ வார்னிஷோ போட்டால் சரியாகுமா? கொஞ்ச நாள் அணைத்து வைத்தால் நிறம் திரும்புமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இந்த நம்பிக்கையில்தான் மாதங்களை இழக்கிறார்கள். போன நிறம் திரும்பாது. ஓய்வு கொடுத்தால் மேற்கொண்டு போகாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் மிச்சமிருக்கும் நிறத்தைப் பல வருஷங்களுக்கு நீட்டிக்க நிச்சயம் முடியும். அதற்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டி மஞ்சள் கறை பட்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? துவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். சோப்புக்குப் போகாத கறை வெயிலுக்குப் போய்விடும். அதே மஞ்சள்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து, கொஞ்சம் சானிட்டைசரில் கலக்கி, உங்கள் பிளாக் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிரும். ஒளிர்வதும் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின்தான், வெயிலில் அழிவதும் அதே குர்குமின்தான்.

உங்கள் வீட்டு ஓவியத்திலும் இதே கதைதான். சாய மூலக்கூறு ஒன்று கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்குகிறது, ஒரு கணம் கிளர்ந்த நிலையில் நிற்கிறது, பிறகு அந்தச் சக்தியைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளியே விடுகிறது. அந்த ஒரு கணம் என்பது பல சமயம் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குதான். ஆனால் அதற்குள்ளேயே எப்போதாவது ஒரு மூலக்கூறு பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைந்துவிடும். உடைந்தது மறுபடி ஒளிராது. ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் இந்த ஆபத்து கொஞ்சம் இருப்பதால், வெளுக்கவே வெளுக்காமல் ஒளிரவைக்க எந்த விளக்காலும் எந்தப் பூச்சாலும் முடியாது. நம் கையில் இருப்பது வேகத்தைக் குறைப்பது மட்டும்.

நியான் கலர் என்று நாம் வாங்குவது காவிக்கல் போன்ற கனிம நிறமி கிடையாது. ஒளிரும் கரிமச் சாயத்தை பிசின் போன்ற ஒரு பிளாஸ்டிக்கில் கரைத்து, அதைப் பொடியாக அரைத்துச் செய்த நிறமி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெர்க்லியில் 1930களில் பாப் சுவிட்சர், ஜோ சுவிட்சர் என்ற அண்ணன் தம்பிகள் தங்கள் அப்பாவின் மருந்துக் கடையில் பிளாக் லைட்டைக் கொண்டுபோய், இருட்டில் எந்தெந்தப் பொருள் ஒளிர்கிறது என்று தேடியதிலிருந்து தொடங்கியது இந்தத் தொழில். ஜோ மேஜிக் செய்பவர், மேடையில் காட்ட அவருக்கு அது தேவைப்பட்டது. பிற்பாடு டே-குளோ என்று உலகமெங்கும் பெயர் வாங்கிய கம்பெனி அவர்களுடையதுதான். மேடையில் சில நிமிஷம் காட்டத் தேடிய பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹால் சுவரில் தினமும் நாலு மணி நேரம் என்பது வேறு கணக்கு.

ரோஸ் நிறத்துக்குப் பெரும்பாலும் ரோடமைன் வகைச் சாயம். மஞ்சளுக்கு வேறொன்று. ஆரஞ்சு பல சமயம் இவை இரண்டின் கலவை. கலவையில் ரோஸ் முதலில் உடைந்தால் மிஞ்சுவது மஞ்சள். உங்கள் பவளத்துக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். ஜெல்லி மீனும் பவளமும் ஒரே சாயத்தைத்தான் இழந்திருக்கின்றன.

சரி, விளக்கா ஜன்னலா? இரண்டும்தான், ஆனால் நான் முதலில் கை வைப்பது ஜன்னலில். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் புற ஊதா ஏ கதிர் (பிளாக் லைட் தருவதும் இந்த வகைதான்) சுமார் 50 வாட் இருக்கும். பழைய மாடல் 20 வாட் பிளாக் லைட் டியூப் ஒரு மீட்டர் தள்ளி நின்றால் தருவது ஒரு வாட்டைக்கூட எட்டாது. காலை வெயில் உச்சி வெயிலைவிடப் பலவீனமானது, உண்மைதான். ஜன்னல் கண்ணாடியும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் சாதாரணக் கண்ணாடி தடுப்பது பெரும்பாலும் தோலைச் சுடும் புற ஊதா பி வகையை, ஏ வகையில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். போதாததற்கு, நியான் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விழுங்குகின்றன. பகலிலேயே அவ்வளவு பளிச்சென்று தெரிவது அதனால்தான். ஆக, நீங்கள் பிளாக் லைட்டை அணைத்துவிட்டதாக நினைக்கும் பகல் நேரம் முழுக்க ஓவியம் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

அதனால் முதல் வேலை, ஓவியத்தை வெயில் எட்டாத சுவருக்கு மாற்றுங்கள். ஜன்னல் இல்லாத நடைவழி, மாடிப்படி அடி எல்லாம் இதற்கு நல்ல இடம். மாற்ற இடமில்லையென்றால் ஓவியத்துக்கு மேலேயே ஒரு ரோலர் பிளைண்ட் மாட்டிவிடுங்கள். பகலில் இறக்கி, பார்க்கும்போது மட்டும் ஏற்றலாம். ஜன்னலில் ஒட்டும் யுவி ஃபிலிமும் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. ஹால் விளக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். ஓவியத்தின் மேல் ஸ்பாட் லைட் மட்டும் வேண்டாம்.

அடுத்து நேரம். மியூசியங்களில் வெளிச்சம் தாங்காத பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வைப்பதில்லை, புற ஊதாவை முடிந்தவரை சுத்தமாக வடிகட்டிவிடுவார்கள். உங்களுடையதோ அந்தப் புற ஊதாவைத் தின்று வாழும் ஓவியம். எனவே மியூசியக் காப்பாளர் கையிலிருக்கும் இன்னொரு ஆயுதம்தான் நமக்கு மிச்சம், அது நேரம். சேதம் என்பது ஏறக்குறைய ஒளியின் பலத்தை நேரத்தால் பெருக்கிய கணக்கு. இப்போது தினமும் 240 நிமிஷம் எரிகிறது. அதை 20 நிமிஷமாக்கினால் விளக்கால் வரும் சேதம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். இன்று ஒரு வருஷத்தில் விளக்கால் இழப்பதை இழக்க அப்போது சுமார் பன்னிரண்டு வருஷம் ஆகும்.

20 நிமிஷம் குறைவாகத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள், நாலு மணி நேரத்தில் எத்தனை நிமிஷம் யாராவது அதை நின்று பார்க்கிறீர்கள்? டிவி ஓடும்போதும், அடுக்களையில் இருக்கும்போதும் ஓவியம் ஆளில்லாமல் எரிகிறது. மாடிப்படிகளில் போடும் ஆட்டோ கட் டைமர் சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அழுத்தினால் ஐந்து நிமிஷம் எரிந்து தானே அணையும். மோஷன் சென்சார் நடைவழிக்குச் சரி, ஹாலில் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் பகல் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கும்.

பலத்தையும் குறைக்கலாம். ஒரு ஓவியத்துக்கு 50 வாட் எல்இடி ஃப்ளட் மிக அதிகம். இப்போது நாலடியில் இருப்பதை எட்டடிக்குத் தள்ளினால் கதிர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். ஒளிர்வும் அதே அளவு குறையும்தான், ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஹாலின் மற்ற விளக்குகளை அணைத்து, திரையை மூடி, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக ஜெல்லி மீன்கள் சுவரிலிருந்து எழுந்து வரும். பெரும்பாலான வீடுகளில் அரை வெளிச்சத்தில் பிளாக் லைட்டைப் போட்டுவிட்டு, போதவில்லை என்று இன்னும் பெரிய விளக்கு வாங்குகிறார்கள். விளக்கைக் கூட்டாமல் அறையை இருட்டாக்கினாலே போதும். நிறம் வெளுக்காமல் இருக்க நான் இதுவரை சொன்ன யோசனைகளில் செலவே இல்லாதவற்றில் இதுவும் ஒன்று.

விளக்கின் அலைநீளம் 365 நானோமீட்டரா 395 நானோமீட்டரா என்றும் பலர் கேட்பார்கள். மலிவான எல்இடிகள் பெரும்பாலும் 395. அவற்றில் ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரியும், சுவரெல்லாம் ஊதா பூசினது போலிருக்கும். 365 வகையில் முன்னால் கருப்பு ஃபில்டர் கண்ணாடி இருந்தால் ஓவியம் மட்டும் மிதப்பது போலத் தெரியும். ஆனால் அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் சக்தி கூடும் என்பதால் சாயத்தோடு பெயின்டின் பசைக்கும் சோதனைதான். அழகு 365இல், மென்மை 395இல். வெளுப்பைப் பொறுத்தவரை எத்தனை நிமிஷம் என்பதற்கு முன்னால் இந்த வித்தியாசம் சின்னது.

யுவி கண்ணாடி, வார்னிஷ் விஷயத்துக்கு வருவோம். கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல யுவி ஃபில்டர் அக்ரிலிக் ஷீட் சுமார் 400 நானோமீட்டர் வரை உள்ளதைத் தடுத்துவிடும். வெயிலிலிருந்து அது காப்பாற்றும், கூடவே 365 விளக்கின் கதிரையும் நிறுத்திவிடும். ஓவியம் செத்துப்போனது போல நிற்கும். யுவி வார்னிஷும் அதே வேலையைக் கொஞ்சம் பலவீனமாகச் செய்யும், அதோடு பூசிவிட்டால் எடுப்பதும் கஷ்டம். எனவே வார்னிஷ் வேண்டாம். ஷீட் வாங்குவதென்றால் பகலில் மாட்டி இரவில் கழற்றும்படி பிரேம் செய்யுங்கள்.

வாங்கும் முன் கடையில் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்து சோதியுங்கள். ஒரு ஏ4 தாளில் மகளின் மிச்சப் பெயின்டைப் பட்டையாக இழுத்து, உலர்ந்ததும் இருட்டில் பிளாக் லைட்டுக்குக் கீழே வையுங்கள். தாளே நீலமாக ஒளிரும், அதில் வெண்மைக்காகச் சேர்த்த சாயத்தால். இப்போது பாதித் தாளின் மேல் அக்ரிலிக் துண்டை வையுங்கள். அதற்குக் கீழே இருக்கும் பாதி இருண்டுபோனால் ஷீட் தடுக்கிறது என்று அர்த்தம். 395 விளக்கில் தாள் இருண்டும் பெயின்ட் பட்டை கொஞ்சம் ஒளிர்வதைப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த விளக்கின் ஊதா ஒளியில் ஒரு பகுதி 400ஐத் தாண்டி இருக்கும், நியான் சாயம் அதையும் விழுங்கும். அந்த ஒளிர்வே உங்களுக்குப் போதுமென்றால் ஷீட்டை நிரந்தரமாகவே மாட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கடையில் வெறுமனே "யுவி டியூப்" என்று கேட்டால் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போடும் கிருமிநாசினி டியூப்பைத் தந்துவிடலாம். அது புற ஊதா சி. கண்ணாடி தெளிவாக, உள்ளே பார்க்கும்படி இருக்கும். பிளாக் லைட் டியூப்பின் கண்ணாடி கருநீலமாக இருக்கும். சி வகை விளக்கின் முன் சில நிமிஷம் நின்றாலே அன்று இரவு கண்ணில் மண் விழுந்தது போல எரியும், தோல் சிவக்கும். ஏ வகையும் பலமானால் விளையாட்டில்லை. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் கண் வலியோடு திரும்பினார்கள். அங்கே ஒரு மூலையில் வைத்த புற ஊதா ஏ விளக்குகள்தான் காரணமாக இருக்கும் என்று நடத்தியவர்களே பிறகு அறிவித்தார்கள். விளக்கு கண் மட்டத்துக்கு மேலே, சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். குழந்தைகள் அண்ணாந்து உற்றுப் பார்க்கும் இடத்தில் வேண்டாம்.

வெளுத்த இடங்களை மறுபடி பூசலாமா? மகளே வரைந்தது, மகளே பூசலாம். ஆனால் ஜெல்லி மீனில் ஒரு திட்டை மட்டும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பகலில் பொருந்திய திட்டு பிளாக் லைட்டில் தனியாக எரியும், அங்கே பொருத்தினால் பகலில் காட்டிக்கொடுக்கும். ஃபிராங்க் ஸ்டெல்லா 1960களிலும் பீட்டர் ஹேலி 1980களிலிருந்தும் இந்த நிறங்களில் வரைந்த ஓவியங்களைப் பராமரிப்பவர்களுக்கும் இது தலைவலிதான். முழு உருவத்தையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து பூசுவது நல்லது. நியான் நிறம் ஒளி ஊடுருவுவது, எனவே அடியில் வெள்ளை இருக்க வேண்டும். ஆனால் நிறத்தோடு வெள்ளையைக் கலக்கக் கூடாது, டைட்டானியம் வெள்ளை புற ஊதாவைத் தானே விழுங்கிவிடும். மெல்லிய ஒரு பூச்சைவிட இரண்டு மூன்று பூச்சு நீண்ட நாள் தாங்கும்.

பூசும் அன்றே ஒரு அட்டையில் எல்லா நிறங்களையும் பட்டை பட்டையாக இழுத்து இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியைக் கருப்பு உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். இன்னொரு பாதியை பிரேமின் ஓரத்தில், ஓவியத்துக்கு விழும் அதே வெளிச்சம் விழும்படி செருகுங்கள். பெயின்டின் பெயர், தேதி, விளக்கின் நானோமீட்டர், தினம் எத்தனை நிமிஷம் என்பதை ஓவியத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறையிலிருக்கும் பாதியை எடுத்து ஓரத்திலிருக்கும் பாதியோடு சேர்த்துப் பிடித்தால் வெட்டிய கோட்டில் வித்தியாசம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரோஸ் பட்டையை முதலில் பாருங்கள். அங்கே கோடு தெரிய ஆரம்பித்தால் 20 நிமிஷத்தைப் பத்தாக்குங்கள்.