வாசகர் கேள்விகள்: காட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள்

உகாண்டாவின் வடக்கே, குலு நகரத்தில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் நான் தையல் ஆசிரியையாக இருந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பலரும் ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பதால் ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜோசப் கோனியின் தலைமையில் 1980-களின் பிற்பகுதியில் உருவான எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படை, அரசை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, கோனியின் சொந்த அச்சோலி இனத்துப் பிள்ளைகளையே ஆயிரக்கணக்கில் கடத்திப் போனது. பையன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். பெண்பிள்ளைகளைச் சுமை தூக்க வைத்தார்கள், சண்டைக்கு அனுப்பினார்கள், தளபதிகளுக்கு 'மனைவி' ஆக்கினார்கள். 2006-ல் சண்டை நிறுத்தம் வந்த பிறகுதான் குலு பக்கம் மக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பிள்ளைகள் துப்பாக்கி தூக்குவதற்கு வறுமைதானே காரணம்? எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது அல்லவா?
*— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்*

ஐயா, நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். குலுவில் நடந்தது வேறு.

1996 அக்டோபர் 10, அதிகாலை. அபோக்கே என்ற ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் மேரீஸ் பெண்கள் பள்ளி. அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற பள்ளி அது. விடுதிக்குள் புகுந்த எல்.ஆர்.ஏ. படையினர் 139 மாணவிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துணைத் தலைமையாசிரியையாக இருந்த இத்தாலிய சிஸ்டர் ரேச்சல் ஃபசேரா, விடிந்ததும் ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தடம் பார்த்துக் காட்டுக்குள் போனார். தளபதியிடம் மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை விட மறுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தவர்கள். படிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் தூங்குகிறார்கள் என்பதால் பள்ளி விடுதிதான் கடத்துபவர்களுக்கு வசதியாக இருந்தது. வசதியான வீடா, ஏழை வீடா என்று அவர்கள் பார்க்கவில்லை. கையில் அகப்பட்ட பிள்ளை, சுமை தூக்கும் வயது, அவ்வளவுதான் கணக்கு. 2003, 2004-ல் சாயங்காலமானால் பல்லாயிரம் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிராமங்களிலிருந்து குலு நகரத்துக்கு நடந்து வந்தார்கள். தேவாலயத்திலும், பேருந்து நிலையத்திலும், லாச்சோர் மருத்துவமனை வளாகத்திலும் படுத்துவிட்டு, விடிந்ததும் திரும்பி நடந்தார்கள். பாதி தூக்கத்தோடு நேராக வகுப்புக்குப் போனவர்களும் உண்டு.

அப்படியானால் வறுமைக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. லைபீரியாவில் முன்னாள் போராளிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு விவசாயப் பயிற்சியும், தொழில் தொடங்கக் கொஞ்சம் முதலும் கிடைத்தன. 2011-ல் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டில் சண்டை மூண்டபோது, கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் வந்து நின்றார்கள். பயிற்சி பெற்றவர்களில், அடுத்த தவணை முதல் வர வேண்டும் என்று காத்திருந்தவர்கள்தான் அந்தப் பேச்சில் மிகக் குறைவாக ஈடுபட்டார்கள். கற்ற தொழிலைவிட, வரப்போகும் பணம் அவர்களைக் கட்டிப்போட்டது. வறுமை வேலை செய்யும் இடம் இது: ஒருமுறை துப்பாக்கியைக் கீழே வைத்தவன் மறுபடியும் எடுப்பானா என்ற இடம். முதல்முறை குலுவின் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இவ்வளவு பயங்கரத்தைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பாடம் மண்டையில் ஏறுமா? முதலில் மனநல சிகிச்சைதானே தேவை?
*— உளவியல் மாணவி, நாகர்கோவில்*

நல்ல கேள்வி, தங்கச்சி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது முதுகில் குழந்தை. தையல் இயந்திரத்தில் அவள் ஓட்டும் தையலைப் பார்த்தால் கோடு போட்டு அடித்த மாதிரி இருக்கும். மிதிக்கும் கால் தாளம் தப்பாது. ஆனால் சட்டை வெட்டச் சொன்னால் கத்தரியை மேசையில் வைத்துவிடுவாள். காரணம் பயமோ கெட்ட கனவோ இல்லை. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் அதை நாலால் வகுத்து, தளர்வுக்கு ஒன்றரை சேர்த்து, துணியில் குறிக்க வேண்டும். அவளுக்கு வகுத்தல் தெரியாது. வகுத்தல் சொல்லிக்கொடுக்கும் வயதில் அவள் சூடான் எல்லையில் அரிசி மூட்டை சுமந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அளவுநாடாவை 36-ல் பிடித்து இரண்டாக மடித்தாள். மறுபடியும் இரண்டாக மடித்தாள். மடிப்பு 9-ல் வந்து நின்றது. சாக்கட்டியால் குறித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு அறிவுள்ள பிள்ளை அது. ஆனால் ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி, மீட்டர் என்ன விலை, கூலி எவ்வளவு கேட்டால் கட்டுப்படியாகும் என்ற கணக்கை நாடாவை மடித்துப் போட முடியாதே. வாடிக்கையாளர் சொல்லும் விலைக்கே ஒத்துக்கொள்வாள், நஷ்டம் என்று தெரியாமலே. அதனால் தினமும் முதல் ஒரு மணி நேரம் தையலை நிறுத்திவிட்டு, ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வரவழைத்துக் கணக்கும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாருமே தாமதமாக வந்ததில்லை.

ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. கிறிஸ்டோபர் பிளாட்மேன், ஜீனி அன்னன் இருவரும் வட உகாண்டா இளைஞர்களை வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார்கள். கடத்தப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சம்பாத்தியம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மன பாதிப்போ எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை. மிகக் கொடூரமானதைப் பார்த்தவர்களிடமும், செய்ய வைக்கப்பட்டவர்களிடமும்தான் அது கடுமையாக இருந்தது. அவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும், உங்களைப் போன்றவர்கள் அங்கே தேவை. மற்றவர்களை 'மனம் உடைந்தவர்கள்' என்ற பெட்டிக்குள் அடைத்துவிட்டு, தொலைந்துபோன படிப்பை மறந்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இரவில் அலறி எழுந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். காலையில் அவர்கள் என்னிடம் கேட்டது காஜா எடுப்பது எப்படி என்றுதான்.

கொலை செய்தவர்களை அந்த ஊர் மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? தண்டனை வேண்டாமா?
*— வழக்கறிஞர், சேலம்*

2000-ல் உகாண்டா பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தால் வழக்கு இல்லை. குலுவின் மெகா எஃப்.எம். வானொலியில் திரும்பி வந்தவர்களே பேசுவார்கள், 'நான் உயிரோடு இருக்கிறேன், நீங்களும் வாருங்கள்' என்று. காட்டுக்குள் ரகசியமாக அதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் உண்டு.

வீட்டு வாசலில் அச்சோலி மக்களுக்கு ஒரு சடங்கு உண்டு. திரும்பி வந்தவர் ஒரு கோழி முட்டையை மிதித்து உடைத்து, ஓபோபோ மரக் கிளையைத் தாண்டி வீட்டுக்குள் வர வேண்டும். ஒரு பாட்டி தன் பேரனுக்கு முட்டையை வைத்துவிட்டு, அவன் மிதிக்கும்வரை அவன் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவனோ அவளைவிட இரண்டடி உயரம்.

ஆனால் எல்லா வாசலும் அப்படித் திறக்கவில்லை. மன்னிப்புப் பெற்று வந்தவர்களுக்கு அரசு கொஞ்சம் பணம், மெத்தை, போர்வை, மண்வெட்டி, பாத்திரம் கொடுத்தது. பக்கத்துக் குடிசையில் இருப்பவரோ ஆண்டுக்கணக்காக அகதி முகாமில் கிடந்தவர். அவருக்கு மெத்தை இல்லை. அவர் பிள்ளையைக் கொன்ற படையிலிருந்து வந்தவனுக்கு மெத்தை. என்ன தோன்றும் சொல்லுங்கள்? 'காட்டுக்குப் போனால்தான் கிடைக்கும்போல' என்று கசந்து பேசியதைக் காதால் கேட்டிருக்கிறேன். இதில் சியரா லியோன் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 2002-ல் போர் முடிந்த அந்த நாட்டில், திரும்பி வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு, எல்லா மாணவர்களும் பயன்படுத்தும்படி பாடப் பொருட்களும் விளையாட்டுச் சாமான்களும் கொடுத்தார்கள். அவன் வந்ததால் வகுப்புக்கே ஆதாயம். வயது கடந்த பிள்ளைகளுக்காக ஆறு வருடத் தொடக்கக் கல்வியை மூன்று வருடத்தில் முடிக்கும் வகுப்புகளையும் நடத்தினார்கள்.

தண்டனையைப் பற்றிக் கேட்டீர்கள். டொமினிக் ஓங்வென் சிறுவனாகக் கடத்தப்பட்டவர், பிறகு அதே படையில் தளபதியானவர். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2021-ல் அவருக்கு 25 ஆண்டு சிறை விதித்தது. அவர் கடத்தப்பட்ட பிள்ளை என்பதையும் தண்டனையைத் தீர்மானிக்கும்போது கணக்கில் எடுத்தார்கள். அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வளர்ந்தபின் மற்ற பிள்ளைகளைக் கடத்த ஆணையிட்டவர் அவர். ஆணைக்குப் பயந்து சுட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவரோடு ஒரே கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வராது.

ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதும் நீங்கள் எங்கள் வன்னியைப் பற்றி ஏன் எழுதவில்லை?
*— ஒரு வாசகர், டொராண்டோ*

நான் அங்கே வேலை செய்யவில்லை என்பதால்தான். ஆனால் நீங்கள் கேட்டபின் மழுப்புவது முறையல்ல. விடுதலைப் புலிகள் 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். யுனிசெஃப் பதிவேட்டில் அப்படி ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. 2004-ல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தபோது கிழக்கில் ஏராளமான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். மறுபடி கூட்டிப்போக வந்தவர்களிடம் மட்டக்களப்புத் தாய்மார்கள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். பிறகு கருணா குழுவும், அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலேயே பிள்ளைகளைப் பிடித்தது. 2009-ல் போர் முடிந்தபோது சரணடைந்தவர்களில் 594 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார்கள். இன்று அவர்களுக்கு முப்பது வயது ஆகியிருக்கும். அவர்களில் யாராவது தங்கள் கதையைத் தங்கள் சொல்லில் எழுதினால், பெயர் போடாமல் வெளியிட ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

எங்களிடம் நல்ல நிலையில் பழைய துணிகள் நிறைய இருக்கின்றன. உங்கள் பள்ளிக்கு அனுப்பலாமா? வேறு எப்படி உதவலாம்?
*— பின்னலாடைத் தொழிலில் இருக்கும் குடும்பம், திருப்பூர்*

உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. துணி மட்டும் வேண்டாம்.

குலு சந்தையில் வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை மூட்டையாக இறங்குகிறது. என் மாணவி புதுத் துணி வாங்கி ஒரு சட்டை தைத்தால், துணி விலைக்கே அந்தச் சந்தையில் ரெடிமேடாக ஒரு சட்டை கிடைத்துவிடும். போதாததற்கு, உதவி அமைப்புகள் எல்லாம் பெண்களுக்குத் தையல், ஆண்களுக்குத் தச்சு என்றே பயிற்சி கொடுத்ததால் ஒரே தெருவில் நாலு தையல்காரி. அவர்களுக்குச் சோறு போட்டது பள்ளிச் சீருடைதான். நீலச் சட்டையும் கட்டம் போட்ட பாவாடையும் பழைய துணி மூட்டையில் வராது. அங்கே பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கும். ஜனவரி முழுக்க இயந்திரங்கள் ராத்திரியும் ஓடும். முகாம்கள் கலைந்து கிராமப் பள்ளிகள் மறுபடி திறக்கத் திறக்க ஆர்டர்கள் கூடின. 1997-லிருந்து தொடக்கக் கல்விக்கு உகாண்டாவில் கட்டணம் இல்லை. ஆனால் சீருடை, நோட்டு, மதியம் சாப்பிடும் போஷோ என்ற சோளமாவுக் களி எல்லாம் வீட்டுச் செலவு. எங்கள் மாணவிகள் சிலர் சீருடைக் கூலியைத் தங்கள் பிள்ளையின் பள்ளிச் செலவோடு கழித்துக்கொள்ளப் பேசி முடித்தார்கள்.

பணமாகக் கொடுப்பது வீண் என்று பயப்பட வேண்டாம். 2008-ல் உகாண்டா அரசு வடக்கிலுள்ள இளைஞர் குழுக்களுக்குத் தலைக்கு 400 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து, தொழில் கற்கவும் கருவி வாங்கவும் விட்டது. கண்காணிக்க ஆள் இல்லை. நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடுதல். ஒன்பது வருடத்தில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் வயிறு வாடாத அந்த வருடங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்களே, அது எனக்குப் பெரிது.

நீங்கள் எந்த அமைப்புக்கு அனுப்பினாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்சி முடிந்தபின் இயந்திரம் யாருக்குச் சொந்தம்? எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறார்களா? அம்மா வகுப்பில் இருக்கும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எங்கள் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்த பிறகுதான் பெண்கள் பாதியில் நிற்பது குறைந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத இடத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.