வீட்ல இருந்து வேலை பாக்குற டீம்ல ஆளுங்க பயமில்லாம வாயத் தொறக்க கம்பெனி என்ன பண்ணணும்?

நீங்க மேனேஜரா இருப்பீங்கன்னு நெனைக்கிறேன். டெய்லி கால்ல "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்டா எல்லாரும் மியூட்ல இருக்காங்க, அதானே? நானும் அப்படிக் கேட்டுட்டு இருந்தவன்தான்.

2021ல நான் டீம் லீட். விருதுநகர்ல எங்க வீட்டு மாடியில உக்காந்து வேலை. டீம்ல ஒரு பொண்ணு, காலேஜ் முடிச்சு நேரா லேப்டாப் கூரியர்ல வந்து சேர்ந்தவ, எங்க யாரையும் நேர்ல பாத்ததே இல்ல. ஒரு நாள் கால்ல ஏதோ டவுட் கேட்டா, நான் "அதான் டாகுமெண்ட் இருக்கே, படிக்கிற பழக்கமே இல்லையா"ன்னுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டேன். இதெல்லாம் ஒரு திட்டான்னு கேப்பீங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆபீஸா இருந்தா டீ குடிக்கப் போறப்ப சிரிச்சுப் பேசி சரியாகியிருக்கும், இங்க கால் கட் ஆனதும் அந்த வார்த்தையோட அவ தனியா ஒரு ரூம்ல.

மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை ராத்திரி சாஃப்ட்வேர் ரிலீஸ். சோதனைக்கு வச்சிருந்த டெஸ்ட் சர்வர் அட்ரஸ் அப்படியே கஸ்டமர் யூஸ் பண்ற ப்ரொடக்‌ஷனுக்குப் போயிருச்சு, சரி பண்ணி முடிக்க விடியக்காலம் 4 மணி. அப்புறம்தான் தெரியுது, அவ மத்தியானமே அதப் பாத்திருக்கா. "டைப் பண்ணேன் அண்ணா, அனுப்பாம அழிச்சுட்டேன், இதுக்கும் டாகுமெண்ட் இருக்கும்னு நெனச்சேன்"னா.

2017 ஜனவரி 31ல கிட்லாப்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல கமாண்ட் ஓட்டி 300 ஜிபி டேட்டாபேஸ அழிச்சுட்டாரு, மிஞ்சினது 4.5 ஜிபி. மீட்கிற வேலைய அவங்க மறைக்காம யூடியூப்ல லைவாவே காட்டினாங்க. அதப் படிச்சதுக்கப்புறம் எங்க இன்சிடெண்ட் ரிப்போர்ட்ல ஆள் பேரு போடுறத நிறுத்தினேன், அந்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்ல மொத காரணமா நான் சொன்ன வார்த்தையத்தான் எழுதினேன். எனக்குத் தெரியாதத எல்லாரும் பாக்குற சாட் சேனல்லயே கேக்க ஆரம்பிச்சேன். பேசத் தயங்குறவங்க கால்க்கு முன்னாடியே எழுதிப் போடலாம்னேன்.

ரெண்டு மாசத்துல டிக்கெட், அதாவது பதிவாகுற தப்பு, பிரச்சனை எண்ணிக்கை ஏறிடுச்சு, மேல இருந்து "உங்க டீம்ல என்ன இவ்ளோ தப்பு?"ன்னு போன். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் ஆஸ்பத்திரிகள்ல மருந்து மாத்திக் குடுக்குற தப்ப எண்ணப் போனப்பவும் இதே கததான், நல்ல டீம்லதான் தப்பு அதிகமாப் பதிவாகியிருந்துச்சு, ஏன்னா அங்க மறைக்காம சொல்றாங்க. இத மெயில்ல விளக்கி எழுதினேன், பதிலே வரல. இதெல்லாம் எல்லா டீமுக்கும் ஒத்துவரும்னு நான் சொல்லல, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.

பதிலுக்குப் பதிலா வந்தது வேற. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்ல ஆள் ஆன்லைன்ல இருக்காருன்னு காட்டுற பச்சை லைட் எவ்ளோ நேரம் எரியுதுன்னு ஒவ்வொரு ஆளுக்கும் கணக்கு எடுக்க ஆரம்பிச்சாங்க. 5 நிமிஷம் மவுஸத் தொடலன்னா மஞ்சளாயிரும், பாத்ரூம் கூட போகக் கூடாதா? எங்க டீம் பையன் ஒருத்தன் மவுஸ டேபிள் ஃபேன்ல கட்டி விட்டுட்டு சாப்பிடப் போவான். அந்த மாச ரிப்போர்ட்ல அவன்தான் ஃபர்ஸ்ட்.