மழையில் நனைந்த பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். என் அப்பத்தா 1964-ல் பர்மாவின் (இப்போது மியான்மர்) ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அந்த வழிச் சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பிக்குகள் மழையில் ஊர்வலம் போகும் வீடியோ ஒன்றை ‘ராணுவத்தை எதிர்த்து, ரங்கூன், 2021 பிப்ரவரி’ என்று அதில் போட்டேன். மாமா ஒருவர், ‘எல்லாம் செட்டப்பு, அந்த டான்ஸ் ஆடுற பொண்ணு வீடியோ மாதிரி’ என்று எழுதிவிட்டார். பத்துப் பேர் சிரித்தார்கள். நம் டிவிக்காரர்கள் மூன்று நாளில் மறந்துவிட்டார்கள், இந்தியா ஐநாவில் ஒதுங்கி நின்றது. உலகம் ஏன் அந்த மக்களைக் கைவிட்டது? வீடியோவை இணைத்திருக்கிறேன்.

ம., தொண்டி

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியைவிட நீங்கள் இணைத்த வீடியோதான் என்னை உட்காரவைத்தது. கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைக் கண்டித்து 2021 ஜூன் 18 அன்று ஐநா பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு ஆதரவு 119, எதிர்ப்பு ஒன்று (பெலாரஸ்), ஒதுங்கியவை 36. இந்தியா அந்த 36-க்குள். அதே ஆண்டு மார்ச் 27, பர்மிய ராணுவ நாள் அணிவகுப்புக்கும் இந்தியா ஆள் அனுப்பியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட நாள் அது. 1,643 கிலோமீட்டர் எல்லை வைத்திருக்கிற நாடு அப்படித்தான் கணக்குப் போடும் என்பார்கள். அகதிகளை உள்ளே விடாதே என்று டெல்லி சொன்னபோது முடியாது என்ற மிசோரமும் இதே இந்தியாதான். தமிழ் டிவிக்கு 2022-ல் தாய்லாந்து எல்லையோர மியாவடியில் நம் பையன்கள் மோசடிக் கும்பலிடம் சிக்கியபோதுதான் பர்மா மறுபடி ஞாபகம் வந்தது. இதற்கெல்லாம் ஆச்சரியப்படுகிற வயதா உங்களுக்கு?

இனி வீடியோ. அதில் தரை நனைந்திருக்கிறது, சிலர் குடை பிடித்திருக்கிறார்கள். தம்பி, ரங்கூனில் பிப்ரவரியில் ஏது மழை? நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது; அங்கே வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரைக்கும் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். மாசியில் புழுதிதான் பறக்கும். அடுத்து, அந்தக் கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. 2021 பிப்ரவரி கொரோனா காலம். மூன்றாவதாக, ஒரு கையிலும் போன் இல்லை. 2021 ஊர்வலங்களில் பாதிக் கைகள் எதிர்ப்பு அடையாளமாக மூன்று விரலைத் தூக்கியிருக்கும், மீதிக் கைகள் போனைத் தூக்கியிருக்கும். போன் விற்கிற உங்களுக்கு இதுவா கண்ணில் படவில்லை?

அது 2007 செப்டம்பர். ராணுவக் குடும்பங்களிடம் பிச்சை வாங்கமாட்டோம் என்று பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு நடந்த மாதம். உள்ளூர்ப் பையன்கள் பையிலும் துணியிலும் கேமராவை மறைத்து எடுத்து, ஓஸ்லோவிலிருந்து இயங்கிய டிவிபி என்ற பர்மியத் தொலைக்காட்சிக்கு அனுப்பியவை இந்த மாதிரிப் படங்கள். ஆகவே உங்கள் மாமா சொன்னது தப்பு, நீங்கள் எழுதியதும் தப்பு. ஊர்வலம் நிஜம், தேதிதான் பொய். ஆனால் அந்த ஒரு பொய் போதும், மாமாவுக்கு மொத்தத்தையும் தூக்கி எறிய.

தேதி எப்படித் தவறியது என்பதையும் யூகிக்க முடிகிறது. உங்கள் கோப்பின் பெயரில் விஐடி, எட்டு இலக்கத் தேதி, பிறகு டபிள்யூஏ என்று இருக்கிறது. அந்தத் தேதி யாரோ ஒருவருடைய போனில் வாட்ஸ்அப் வழியாக வந்து இறங்கிய நாள். எடுத்த நாள் அல்ல. வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி மறுபடி எழுதுகிறது. எடுத்த நேரம், இடம் எல்லாம் உதிர்ந்துவிடும். அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அதிலும் ஒரு கத்தி இருக்கிறது: கோப்பில் பதிவாகியிருந்தால், எடுத்த இடமும் கூடவே போகும். ரங்கூனில் சிப்பாய்கள் தெருவில் நிறுத்திப் போனைத் திறக்கச் சொன்ன காலத்தில் அது ஆளையே கொல்லும். அதனால் மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, பரப்புகிற நகலில் மட்டும் முகத்தை மறைக்க வேண்டும். மறைப்பதென்றால் கறுப்புக் கட்டம். லேசாகக் கலங்கலாக்கினால் சிலசமயம் மீட்டுவிடுகிறார்கள்.

இடத்துக்கு வருவோம். பர்மாவில் 1970 முதல் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. உங்கள் அப்பத்தா இருந்த ரங்கூனில் நம் ஊர்போல இடப்பக்கம். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் நிறைய என்பதால், வலப்பக்கம் ஓடும் காரின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருப்பது அங்கே சாதாரணம். ‘ரங்கூன்’ என்று போட்ட படத்தில் வண்டிகள் இடப்பக்கம் ஓடினால் அது தாய்லாந்தாக இருக்கலாம், அல்லது யாரோ படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருக்கலாம். தேடுபொறியில் பழைய படம் சிக்காமலிருக்க இப்படித் திருப்புவார்கள். கடைப்பலகை எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா பாருங்கள். பர்மிய எழுத்து வட்டம் வட்டமாக இருப்பதால் பழகாத கண் ஏமாறும். பலகையில் ஆங்கிலமோ எண்ணோ இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிழல் இன்னும் நல்ல சாட்சி. ராமநாதபுரத்தில் சித்திரை பிறக்கும்போது உச்சிவெயிலில் நிழல் காலடியில் விழும். அதன்பின் ஆவணி இரண்டாம் வாரம் வரை தெற்கே சாயும், மற்ற மாதங்களில் வடக்கே. ரங்கூன் நமக்கு வடக்கே ஏழு பாகையளவு தள்ளி இருக்கிறது. அங்கே உச்சி நிழல் தெற்கே விழுவது மே முதல் வாரக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை மட்டும். சாலை எந்தத் திசையில் போகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு, நடுப்பகல் நிழல் தெற்கே விழுந்தால், அந்தப் படத்தின் மேல் எழுதிய ‘பிப்ரவரி’ செல்லாது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும், அதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் கரையில் இதை எதற்கு விளக்க வேண்டும்? போட் பிடிபட்டால் முதல் வாதமே எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதானே? ‘நாங்க தாண்டல’ என்று எவ்வளவு அழுதாலும், ஜிபிஎஸ்ஸில் பதிவான தடமும் நேரமும் காட்டாத வரை அது வெறும் பேச்சு. கடலில் தெரிந்த நியாயம் போனில் ஏன் மறந்துபோகிறது?

படம் இருந்தால் உலகம் அசைந்துவிடுமா என்பீர்கள். கொஞ்சம் அசையும். 2007 செப்டம்பர் 27 அன்று ரங்கூனில் சூலே பகோடா அருகில் கென்ஜி நகாய் என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் சுடப்பட்டு இறந்தார். தற்செயலாகப் பட்ட குண்டு என்றது அரசு. சிப்பாய் பக்கத்திலிருந்து சுட்டதை மேலேயிருந்து எடுத்த படம் காட்டியது. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குத் தரவிருந்த நிதியை ஜப்பான் நிறுத்தியது. அவர் கையிலிருந்த கேமரா 2023 ஏப்ரலில்தான் பாங்காக்கில் அவர் சகோதரியிடம் வந்து சேர்ந்தது. படமே இல்லாததற்கும் உதாரணம் உண்டு: 1962 ஜூலை 7, ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள், மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். செத்தவர்கள் இத்தனை பேர் என்று அரசு ஓர் எண்ணிக்கை சொன்னது, மாணவர்கள் சொன்னது அதைப்போலப் பல மடங்கு. இன்றுவரை இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஜெனீவாவில் பர்மாவுக்கென்று ஐநாவின் விசாரணைப் பொறிமுறை ஒன்று 2018 முதல் இருக்கிறது. அதற்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. என்றோ ஒரு நீதிமன்றம் கேட்கும் என்று கோப்புகளைச் சேர்த்து, சரிபார்த்து வைப்பதுதான் அதன் வேலை. உலகத்தின் பதில் என்று நீங்கள் தேடுவதில் உருப்படியான பங்கு அந்த அலமாரிதான். அதற்குள் தேதி கெட்ட வீடியோவுக்கு இடம் கிடையாது.

மாமாவின் அந்த டான்ஸ் வீடியோ: ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1, தலைநகர் நேபிடோவில் ஓர் ஆசிரியை ஏரோபிக்ஸ் செய்ய, பின்னால் நாடாளுமன்றத்தை நோக்கிக் கறுப்பு வண்டிகள் போகின்றன. ஒட்டுவேலை என்று உலகமே சொன்னது. அதே ரவுண்டானாவில் முன்பு எடுத்த தன் பழைய வீடியோக்களை எடுத்துப் போட்டார் அந்தப் பெண். பின்னணி அச்சாகப் பொருந்தியது. மாமா காட்டிய உதாரணம் மாமாவையே கவிழ்க்கிறது, அதைச் சொல்லிவிடுங்கள்.

வீடியோவை நீக்க வேண்டாம். அதன் கீழே ‘ரங்கூன், 2007 செப்டம்பர்’ என்று திருத்திப் போடுங்கள். மாமாவிடம் மன்னிப்பும் கேளுங்கள், தேதிக்காக மட்டும்.

அன்புடன்,
அண்ணன்