பிறவி முதுகு வளைவு ஆபரேஷன்: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

முதுகுத்தண்டு பிறவியிலேயே வளைந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்யும் மருத்துவர் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

டாக்டர், என் 2 வயது மகளுக்கு முதுகில் ஒரு எலும்பு பாதிதான் இருக்கிறதாம். கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

இல்லைம்மா. கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களுக்குள் முள்ளெலும்புகளின் அமைப்பு முடிவாகிவிடுகிறது. அப்போது ஒரு எலும்பு பாதியிலேயே நின்றுபோகலாம், அல்லது பக்கத்து எலும்புகள் ஒரு புறம் பிரியாமல் ஒட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் காரணம் தெரிவதே இல்லை. நீங்கள் தூக்கிய குடமோ, சாப்பிட்ட பப்பாளியோ, பார்த்த கிரகணமோ காரணமில்லை. வீட்டில் யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். இதே சமயத்தில்தான் இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. அதனால் எக்கோவும் வயிற்று ஸ்கேனும் கட்டாயம் எடுங்கள்.

பெல்ட் போட்டால் சரியாகாதா?

ஆகாது. எலும்பே கோணலாக உருவாகியிருக்கிறது. பெல்ட்டோ மசாஜோ யோகாவோ அதை மாற்றாது.

வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமனார்.

வகையைப் பொறுத்தது. சில வளைவுகள் கூடுவதே இல்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே பார்த்தால் போதும். ஆனால் ஒரு பக்கம் எலும்புகள் ஒட்டி, எதிர்ப்பக்கம் பாதி எலும்பும் இருந்தால் வளைவு வேகமாக ஏறும். அங்கே காத்திருப்பது தவறு. கூடிக்கொண்டே போகும் ஒற்றைப் பாதி எலும்பைச் சின்ன வயதிலேயே எடுத்தால், பெரும்பாலும் மேலும் கீழும் உள்ள ஓரிரு எலும்புகளை இணைப்பதோடு, அதாவது ஒரே எலும்பாக ஒட்டவைப்பதோடு, முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் வளைவு நல்ல எலும்புகளையும் இழுத்துக்கொள்ளும்.

வளைவு நீளமாக இருந்தால் கதை வேறு. சின்னப் பிள்ளையின் நெஞ்சுப் பகுதி முழுவதையும் இணைத்துவிட்டால் மார்புக்கூடு வளராது, நுரையீரலுக்கு இடமிருக்காது. அவர்களுக்கு நீட்டக்கூடிய ராடு (உலோகக் கம்பி) வைத்து, சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை நீட்டுவோம்.

மகனுக்கு 14 வயது, வளைவு 110 டிகிரி. ஆபரேஷனில் கால் போய்விடுமோ என்று தூக்கமே வரவில்லை.

உங்கள் பயம் நியாயமானது. கால் செயலிழப்பதுதான் இதில் நாங்களும் அதிகம் அஞ்சும் ஆபத்து. சாதாரண வளைவுகளில் அது மிகக் குறைவு. இவ்வளவு பெரிய வளைவில், அதிலும் முள்ளெலும்பு ஒன்றை முழுசாக வெட்டி எடுக்க வேண்டி வந்தால், ஆபத்து நிச்சயம் கூடும். நேராக்கும்போது தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி) இழுபடலாம், நசுங்கலாம், ரத்த ஓட்டமும் குறையலாம்.

அதனால் முன்கூட்டியே முதுகு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தண்டுவடத்தின் அடிமுனை கீழே ஒட்டியிருக்கும், அல்லது நடுவில் ஓர் எலும்பு முள் அதை இரண்டாகப் பிளந்திருக்கும். இது தெரியாமல் நேராக்கவே கூடாது. சிலருக்குத் தலையில் வளையம் பொருத்தி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரக்கணக்கில் இழுத்து வைப்போம். அப்போதும் பிள்ளை சக்கர நாற்காலியில் சுற்றி வரலாம். கூர்மையான, விறைத்த கூனுக்கு இப்படி இழுப்பது ஆபத்து.

ஆபரேஷன் நடக்கும்போது தலையில் மின்தூண்டல் கொடுத்து, காலில் சிக்னல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். சிக்னல் விழுந்தால் எல்லோர் கையும் நின்றுவிடும். மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை ஏற்றுவார், நாங்கள் கடைசியாக இறுக்கியதைத் தளர்த்துவோம். சந்தேகம் தீரவில்லையா? மயக்கத்தைக் குறைத்து, "தம்பி, கால் விரலை ஆட்டு" என்று சொல்லிப் பார்ப்போம். 1970களில் பிரான்சில் தொடங்கிய சோதனை இது, இன்றும் கைகொடுக்கிறது.

110 டிகிரி 60 ஆகி, பிள்ளை நடந்து வீட்டுக்குப் போனால் அது நல்ல ஆபரேஷன். முழுசாக நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

கால் தவிர வேறு என்ன ஆபத்து?

முதலில் மூச்சு. பெரிய வளைவில் நுரையீரல் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், சில நாள் வென்டிலேட்டர் தேவைப்படலாம். ரத்த இழப்பு அதிகம். சீழ் பிடிக்கலாம். எலும்பு சரியாக ஒட்டாவிட்டால் மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட ராடு உடையலாம். மெலிந்த பிள்ளையாக இருந்தால் முதலில் முட்டை, பருப்பு, பால் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள். புண் ஆற அது வேண்டும்.

பயந்து செய்யாமலே விட்டால்?

பிறவிக் கூன் கூடிக்கொண்டே போனால் தண்டுவடம் அழுந்திக் கால் தானாகவே பலமிழக்கலாம். பக்கவாட்டு வளைவு முற்றினால் நுரையீரலும், பிறகு இதயமும் திணறும். நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.

எந்த ஆஸ்பத்திரி நல்லது, சார்?

பெயர் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். நரம்பு சிக்னல் பார்க்கும் கருவியும் அதற்கென ஆளும் உண்டா? குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கிறதா? இதே வகை ஆபரேஷன் இந்தக் குழு எத்தனை செய்திருக்கிறது, அதில் எத்தனை பேருக்குக் கால் பாதித்தது? இன்னொரு மருத்துவரிடமும் படங்களைக் காட்டுங்கள். அதற்காக எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.