தாத்தா சொல்தா என்பது மட்டும் போதாது, தம்பி

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பாரீஸ் வந்து இரண்டு மாதம், தாத்தா வியட்நாமின் சைகோனில் சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்), அவர் வழியைப் பிடித்துப் பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் பேப்பர் சேர்ப்பது எப்படி, மலிவாக அறை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அறைக்கு பாரீஸின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் விசாரியுங்கள், கிடைத்துவிடும். பேப்பர்தான் பெரிய வேலை.

தாத்தா 'ஒப்சியோன்', அதாவது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்ற விருப்பக் கடிதம், கொடுத்தாரா என்று முதலில் பாருங்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் கைமாறினாலும், அதற்கான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர்களாகிவிட்டார்கள். ராணுவ பென்ஷன் வேறு, குடியுரிமை வேறு. நம்மூர்க்காரர்கள் பலர் இரண்டையும் குழப்பிப் புதிதாய் வருகிறவர்களையும் குழப்புகிறார்கள். இந்த விதி அங்கே பிறந்தவர்களுக்குத்தான், சைகோன் போல வெளியே பிறந்தவர்களின் நிலை வேறு. அதனால் அப்பா எங்கே பிறந்தார் என்பதையும் பாருங்கள்.

தாத்தாவின் பிறப்பு, திருமணப் பதிவுகள், பிறகு அப்பாவுடையது, உங்களுடையது என்று ஒரு கண்ணியும் விடாமல் வாங்குங்கள். சுருக்கம் உதவாது, முழு நகல் வேண்டும். பதிவின் ஓரத்தில் பிறகு எழுதிச் சேர்த்த குறிப்புகள் அதில்தான் முழுதாக வரும். பிரெஞ்சுப் பதிவில் இருப்பவர்களின் நகலை பிரான்ஸின் நாந்த் நகரிலுள்ள மத்திய பிறப்பு-திருமணப் பதிவு அலுவலகம் இலவசமாகவே தருகிறது. அதற்கு ஏஜெண்டிடம் பணம் அழுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதிகம் மாட்டுவது பெயரில். பிரெஞ்சில் 'மு'வுக்கு எம், ஓ, யூ. இந்தியப் பாஸ்போர்ட்டில் எம், யூ. 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி தனிச்சட்டத்தை (மதம், வழக்கம் சார்ந்த குடும்பச் சட்டத்தை) விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் நிலையான குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டன. மற்றவர்கள் வீட்டில் அப்பா பெயர்தான் ஒட்டும், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். இங்குள்ள அதிகாரிக்கு ஒரே வம்சம் மூன்று குடும்பமாகத் தெரியும். அஃபிடவிட்டை மட்டும் நம்பாதீர்கள். எல்லாப் பதிவிலும் பெற்றோர் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று: குடும்பம் ஐம்பது ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களும் பெற்றோரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்குச் சான்று இல்லையென்றால், வம்சாவளியைக் காட்டி வழக்காடும் வாய்ப்பையே சட்டம் மூடிவிடும். அப்பாவின் பழைய பிரெஞ்சு பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, வாக்காளர் அட்டை எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

ஜூலை 14-க்கு மெடல் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் போன தாத்தாக்களின் டிரங்க் பெட்டிகள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் உள்ளதை இறக்கச் சொல்லுங்கள். அவருடைய ராணுவச் சேவைப் புத்தகத்தில் 'மத்ரிக்யூல்' எண் (சிப்பாயின் பதிவு எண்) இருந்தால், அதைக் குறிப்பிட்டு பிரான்ஸின் 'போ' (Pau) நகரத்து ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்.